மஞ்சப்பை போய் கேரி பேக் வந்த கதை

செங்கல்பட்டு பஜாருக்கு மளிகை வாங்கப் போகிறவர் கையில் ஒரு காலத்தில் துணிப்பை இருக்கும். எண்ணெய்க்குத் தனியாக ஒரு தூக்கு. பருப்பும் சர்க்கரையும் பழைய செய்தித்தாளில் பொட்டலமாகி நூலால் கட்டப்படும். பூவுக்கு வாழையிலை. மாமல்லபுரத்துப் பக்கம் மீன் வாங்கப் போனால் ஓலைக்கூடை. இதில் ஒரு வியாபாரக் கணக்கு ஒளிந்திருக்கிறது: பையின் செலவு வாங்குபவருடையது. கடைக்காரர் சரக்கை மட்டும்தான் விற்றார்.

கேரி பேக் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. ஸ்வீடனில் செல்லோபிளாஸ்ட் என்ற கம்பெனி 1965-இல் காப்புரிமை பெற்ற, பனியன் போலக் கைப்பிடி வைத்த பை அது. நம் ஊர்க் கடைகளுக்கு அது வந்து சேரக் கொஞ்சம் காலம் ஆனது. வந்த பிறகோ, பை கொடுக்காத கடைக்கு யாரும் போகமாட்டார்கள் என்ற நிலை! இனாமாகக் கிடைத்ததால் ஒரு எலுமிச்சம்பழத்துக்கும் ஒரு பை. மஞ்சப்பையோடு பஸ் ஏறினால் 'பட்டிக்காடு' என்று கேலி வேறு. ஒரு பொருள் வழக்கொழியப் போட்டி மட்டும் போதாது, கொஞ்சம் வெட்கமும் சேர வேண்டும் போலிருக்கிறது.

இந்தப் பைக்கு எதிரான நடவடிக்கை நம் மாநிலத்தில் முதலில் வேகம் பிடித்தது கடற்கரையில் அல்ல, மலையில். 2000-ஆம் ஆண்டு வாக்கில் நீலகிரி ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு, 'ஆபரேஷன் புளூ மவுண்டன்' என்ற பெயரில் பிளாஸ்டிக் பைகளை மாவட்டத்திலிருந்து விலக்க முயன்றார். பிற்பாடு மற்ற மாவட்டங்கள் உதாரணமாகக் காட்டிய முயற்சி அது. 2002-இல் மாநிலம் முழுவதற்குமாக ஒரு சட்ட முன்வடிவு பேரவைக்கு வந்தது, ஆனால் சட்டமாகவில்லை. அதே 2002-இல் பங்களாதேஷ் முழுத் தடையே போட்டுவிட்டது! 1988, 1998 வெள்ளங்களின்போது பைகள் சாக்கடைகளை அடைத்துக்கொண்டதை அவர்கள் மறக்கவில்லை.

மத்திய அரசோ வேறு வழியில் போனது. தடை இல்லை, தடிமன் மட்டும். 1999 விதிகளில் 20 மைக்ரான், 2011-இல் 40, 2016-இல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 கடைசியில் 120. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏன் தடிமன்? காரணம் பழைய சாமான் கடையில் இருக்கிறது. மெல்லிய பைக்கு எடையே கிடையாது. குப்பை பொறுக்குபவர் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தாலும் ஒரு கிலோ தேறாது. அதனால் யாரும் அதை எடுப்பதில்லை, அது காற்றில் பறந்து கடலுக்குப் போகிறது. தடிமன் கூடினால் எடை கூடும், விலையும் கூடும், பொறுக்க ஆள் வரும். தாளில் பார்த்தால் நல்ல யோசனைதான். ஆனால் 40 மைக்ரானா 50 மைக்ரானா என்று கோயம்பேட்டுக் காய்கறிக் கடைக்காரர் எதை வைத்து அளப்பார்?

2011 விதிகளில் இன்னொரு முக்கியமான வரி இருந்தது. பையை இனாமாகக் கொடுக்கக் கூடாது. 2016 விதிகள் ஒரு படி மேலே போய், பை கொடுக்கும் கடைக்காரர் உள்ளாட்சியில் பதிவு செய்து மாதம் 4,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றன. கீரை விற்பவர் மாதம் 4,000 கட்டுவாரா? 2018 திருத்தத்தில் அந்த விதியே காணாமல் போனது. பெரிய கடைகள் மட்டும் விலை வைக்கும் யோசனையைப் பிடித்துக்கொண்டன, தங்கள் பெயரை அச்சடித்த பைக்கும் சேர்த்து. 2019-இல் சண்டிகரில் 3 ரூபாய் காகிதப் பைக்குக் காசு வாங்கிய பாட்டா கடைக்கு நுகர்வோர் மன்றம் 9,000 ரூபாய் கட்டச் சொன்னது. விளம்பரத்தை வாடிக்கையாளரே காசு கொடுத்துச் சுமப்பதா என்பதுதான் வழக்கின் சாரம்.

மைக்ரான் கணக்கை ஓரம்கட்டியது தமிழக அரசின் 2018 ஆணை. அந்த ஆண்டு ஜூன் 5 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி பேரவையில் அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. பை எந்தத் தடிமனாக இருந்தாலும் கூடாது. துணி போலவே தோற்றம் காட்டும் 'நான்-ஓவன்' பையும் பட்டியலில் இருந்தது, ஏனென்றால் அது உண்மையில் பாலிபுரொப்பிலீன். பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு. தொழிற்சாலையிலேயே அடைத்து வரும் பொட்டலங்களுக்கும் அப்போது விலக்கு இருந்தது. உள்ளூர்ப் பை தயாரிப்பாளர்கள் கொதித்தது இங்கேதான். எங்கள் பை குப்பை, பெரிய கம்பெனி சிப்ஸ் உறை குப்பை இல்லையா என்றார்கள். நியாயமான கேள்வி. உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் தடையை உறுதிசெய்தது. 2020 ஜூனில் அரசு அந்த விலக்கைச் சுருக்கியது. இருந்தாலும் பெட்டிக்கடை வாசலில் சிப்ஸ் சரம் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

தடை வந்து ஒன்பது மாதம் கழித்து, 2019 அக்டோபர் 12 காலையில், சீன அதிபருடனான சந்திப்புக்காக மாமல்லபுரம் வந்திருந்த பிரதமர் மோடி கடற்கரையில் அரை மணி நேரத்துக்கு மேல் குப்பை பொறுக்கினார். வீடியோ உலகமெங்கும் ஓடியது. (அப்போது அது காஞ்சிபுரம் மாவட்டம். செங்கல்பட்டு தனி மாவட்டமானது அடுத்த மாதம்தான்.) ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் கரை இது. கடலில் மிதக்கும் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து விழுங்கும் பிராணிகள் அவை. அவற்றுக்கு மைக்ரான் தெரியாது.

2021 டிசம்பர் 23 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னை கலைவாணர் அரங்கில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அப்போது சுற்றுச்சூழல் துறைச் செயலாளர் யார் தெரியுமா? நீலகிரியின் அதே சுப்ரியா சாஹு. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் ஒரு இயந்திரம் வைத்தார்கள். 10 ரூபாய் நாணயம் போட்டால் ஒரு மஞ்சள் துணிப்பை வந்து விழும். பையின் செலவு மறுபடியும் வாங்குபவர் கைக்கே வந்துவிட்டது. கேலி செய்யத்தான் இப்போது ஆள் இல்லை.