தப்பான ஆளைத் துரத்தும் இன்ஸ்பெக்டர்: 'அபூர்வ சகோதரர்கள்' ஜனகராஜ் காமெடி இன்னும் சிரிக்க வைப்பது ஏன்? நிஜத்தில் சட்டம் என்ன சொல்கிறது?

டிவியில் 'அபூர்வ சகோதரர்கள்' ஓடினால் சேனலை மாற்ற யாருக்கும் மனசு வராது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையாக இருந்தாலும், பக்கத்து கிராமத்து வீட்டுத் திண்ணையாக இருந்தாலும் இதே கதைதான். குறிப்பாக இன்ஸ்பெக்டராக வரும் ஜனகராஜும், அவர் பின்னாலேயே நிற்கும் கான்ஸ்டபிள் ஆர்.எஸ்.சிவாஜியும் திரையில் வந்துவிட்டால், வசனத்தை அவர்களுக்கு முன்னாடியே சொல்லிவிடுகிற ஆட்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

சொதப்பல் போலீஸ் என்ற காமெடி எங்கிருந்து வந்தது? நிஜத்தில் பார்த்தாலே பயப்படும் காக்கிச் சட்டையை திரையில் பார்த்து ஏன் இப்படிச் சிரிக்கிறோம்? அந்த இன்ஸ்பெக்டர் படத்தில் செய்யும் தப்புகளை நிஜ வாழ்க்கையில் ஒருவர் செய்தால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

படம் என்ன, இன்ஸ்பெக்டர் யார்?

1989 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று வெளியானது 'அபூர்வ சகோதரர்கள்'. தயாரிப்பு கமல்ஹாசனின் ராஜ்கமல் நிறுவனம். இயக்கம் சிங்கீதம் சீனிவாசராவ், கதை பஞ்சு அருணாசலம், வசனம் கிரேஸி மோகன், இசை இளையராஜா, ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம்.

கமல்ஹாசனுக்கு இதில் 3 வேடம். நேர்மையான போலீஸ் அதிகாரி சேதுபதி, அவருடைய இரட்டைப் பிள்ளைகள் அப்பு, ராஜா. வில்லன்கள் 4 பேர்: நாகேஷ், ஜெய்சங்கர், டெல்லி கணேஷ், நாசர். சேதுபதியைக் கொன்று, கர்ப்பிணியான அவர் மனைவிக்கு விஷமும் கொடுக்கிறார்கள். அந்த விஷத்தின் பாதிப்பால் ஒரு பிள்ளை குள்ளமாகப் பிறக்கிறான். அவன்தான் சர்க்கஸ் கோமாளி அப்பு. இன்னொருவன் மெக்கானிக் ராஜா. இருவரும் பிரிந்து வளர்கிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் அப்பு ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறான். விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டர்தான் ஜனகராஜ். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முகம். அதனால் சந்தேகம் எதுவும் தெரியாத ராஜா மேல் விழுகிறது. கொலைகாரன் சர்க்கஸ் கூடாரத்தில் இருக்க, போலீஸ் மெக்கானிக்கைத் துரத்துகிறது.

கதையாகச் சொன்னால் இது சோகக் கதை. கொலை, விஷம், பழி, ஒரு நிரபராதி. இதைத்தான் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார்கள்.

காமெடி எங்கே இருக்கிறது?

இந்த இன்ஸ்பெக்டர் வழுக்கி விழுவதால் மட்டும் சிரிப்பு வருவதில்லை. அவர் 'கண்டுபிடிக்கும்' விதத்தில்தான் சிரிப்பு. கண்ணெதிரே ஒரு சின்ன தடயம் கிடைக்கும். அதை வைத்து ஒரு பெரிய கதையே கட்டிவிடுவார். ஒவ்வொரு படியும் கேட்க சரியாகவே இருக்கும். கடைசியில் வந்து நிற்கும் இடம் மட்டும் அபத்தமாக இருக்கும்.

அதைக் கேட்டதும் கான்ஸ்டபிள் மெய்சிலிர்த்துப் போவார். அவரைத் தெய்வமாக்கி, எங்கேயோ உயரத்தில் கொண்டுபோய் வைக்கும் அந்த ஒரு வசனம் இன்று வரை மீம் டெம்ப்ளேட். 2023 செப்டம்பரில் ஆர்.எஸ்.சிவாஜி காலமானபோதும் ரசிகர்கள் முதலில் நினைத்தது அந்த வசனத்தைத்தான்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கான்ஸ்டபிள் ஒரே ஒரு தடவை "சார், இது ஒத்து வரலையே" என்று சொல்லியிருந்தால் காமெடியே இல்லை. சொல்ல மாட்டார். மேலதிகாரி பேசினால் கீழே இருப்பவர் ஆமாம் போட வேண்டும் என்ற நம் ஊர் ஆபீஸ் வழக்கத்தை இதைவிட நறுக்கென்று யாரும் காட்டியதில்லை. தாலுகா ஆபீஸ், பேங்க், கம்பெனி என்று எங்கே வேலை பார்ப்பவரும் அந்த இருவரையும் தினமும் நேரில் பார்க்கிறார். அதனால்தான் படம் பழசாகவில்லை.

கூத்தில் இருந்த கட்டியங்காரன்

வட தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த ஜோடி ரொம்பவே பழக்கமானது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் தெருக்கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. செய்யாறு வட்டத்தில் உள்ள புரிசை, கூத்துக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து உத்திரமேரூர் ரொம்ப தூரம் இல்லை.

கூத்தில் ராஜா வேஷம் வருவதற்கு முன்னால் கட்டியங்காரன் வருவான். ராஜாவின் பெருமைகளை அடுக்குவான். பக்கத்திலேயே நின்று ராஜாவைக் கிண்டலும் அடிப்பான். புகழ்வது போல இருக்கும், ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு உள்ளே இருக்கும் குத்தல் புரிந்துவிடும். உள்ளூர் பிரச்சனையைக்கூட புராணக் கதைக்குள் நைசாக நுழைத்துவிடுவான்.

ஆர்.எஸ்.சிவாஜியின் கான்ஸ்டபிள் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஒரே வித்தியாசம், கட்டியங்காரனுக்குத் தான் கிண்டல் செய்கிறோம் என்று தெரியும். கான்ஸ்டபிளுக்குத் தெரியாது. அவர் நிஜமாகவே நம்புகிறார். அவர் புகழப் புகழ, இன்ஸ்பெக்டர் நம் கண்ணில் இறங்கிக்கொண்டே போகிறார்.

உலக சினிமாவில் இவருக்கு அண்ணன்கள் உண்டா?

உண்டு. மௌனப் படக் காலத்திலேயே, 1912 முதல், அமெரிக்காவில் மேக் சென்னட்டின் கீஸ்டோன் நிறுவனம் கும்பலாக ஓடி, மோதி, விழும் போலீஸ்காரர்களை வைத்துப் படங்கள் எடுத்தது.

இந்த வகையில் உலகப் புகழ் பெற்றவர் பிரெஞ்சு இன்ஸ்பெக்டர் க்ளூஸோ. 1963-ல் வந்த 'தி பிங்க் பாந்தர்' படத்தில் பீட்டர் செல்லர்ஸ் நடித்த பாத்திரம். இயக்கம் பிளேக் எட்வர்ட்ஸ். அடுத்த ஆண்டே 'எ ஷாட் இன் தி டார்க்' வந்தது. 1988-ல் லெஸ்லி நீல்சன் நடித்த 'தி நேக்கட் கன்' இதே பாதையில் வந்த இன்னொரு ஹிட்.

இங்கே ஒரு சுவாரசியமான வித்தியாசம் இருக்கிறது. 'எ ஷாட் இன் தி டார்க்' படத்தில் எல்லாத் தடயமும் ஒரு வேலைக்காரப் பெண்ணையே காட்டும். க்ளூஸோ மட்டும் அவள் நிரபராதி என்று பிடிவாதமாக நிற்பார். காரணம், அவள் மேல் காதல். அதாவது அந்த முட்டாள்தனம் ஒரு நிரபராதியைக் காப்பாற்றுகிறது. நம் ஊர் இன்ஸ்பெக்டரின் முட்டாள்தனம் ஒரு நிரபராதியைக் குற்றவாளியாக்கப் பார்க்கிறது. இரண்டிலும் சிரிக்கிறோம். ஆனால் ராஜா ஓடும்போது சிரிப்போடு கொஞ்சம் பதற்றமும் வருகிறது.

தமிழ் சினிமாவின் 3 வகை போலீஸ்

• கம்பீர போலீஸ்: 'தங்கப்பதக்கம்' (1974) சிவாஜி கணேசன், 'மூன்று முகம்' (1982) ரஜினிகாந்த், 'சாமி' (2003) விக்ரம், 'சிங்கம்' (2010) சூர்யா. இவர்கள் தப்பே செய்ய மாட்டார்கள். சந்தேகப்பட்டால் அது சரியாகத்தான் இருக்கும்.

• காமெடி போலீஸ்: ஜனகராஜுக்குப் பிறகு 'மருதமலை' (2007) படத்தில் வடிவேலு செய்த என்கவுன்டர் ஏகாம்பரம் பட்டிதொட்டி எல்லாம் போனது. 'தமிழ்ப் படம் 2' (2018) கம்பீர போலீஸ் படங்களையே மொத்தமாகக் கலாய்த்தது.

• பயமுறுத்தும் போலீஸ்: வெற்றிமாறனின் 'விசாரணை', சூர்யா நடித்த 'ஜெய் பீம்' (2021). முதல் படம் மு.சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' நாவலை வைத்து எடுக்கப்பட்டது. இரண்டாவது, 1993-ல் நடந்த நிஜ சம்பவமும் அதில் வழக்கறிஞராக கே.சந்துரு நடத்திய வழக்கும் சார்ந்தது.

மூன்றாவது வகையை ஜனகராஜ் காமெடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். இரண்டிலும் தொடக்கம் ஒன்றுதான்: தப்பான ஆள் மேல் சந்தேகம். 'அபூர்வ சகோதரர்க'ளில் அது துரத்தல் காமெடியாகிறது. 'விசாரணை'யில் அது லாக்கப் அடியாகிறது.

முதலில் ஒருவரை முடிவு செய்துவிட்டு, பிறகு கிடைப்பதையெல்லாம் அவருக்கு எதிரான ஆதாரமாகப் பார்ப்பது, கடிவாளம் கட்டிய குதிரையின் பார்வை மாதிரி. பக்கத்தில் இருப்பது தெரியாது. அதைத் தடுக்கத்தான் சட்டத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள்.

ராஜாவுக்கு நடந்தது உங்களுக்கு நடந்தால்?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் சட்டங்களுக்குப் பதிலாக புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. விசாரணை, கைது போன்றவற்றுக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. சாட்சியங்களுக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம். பெயர்தான் புதுசு. கைது தொடர்பான பல பாதுகாப்புகள் முன்பே இருந்தவை. 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளில் முக்கியமானவையும் இதில் வருகின்றன.

1. "அதே முகம்தான் சார், பிடிங்க" என்றால் போதுமா?
போதாது. சாட்சி, குற்றவாளியை முன்பின் தெரியாதவர் என்றால் அடையாள அணிவகுப்பு நடத்தலாம். அதே சாயலில் இருக்கும் பலரோடு சந்தேக நபரையும் நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வார்கள். அங்கே கை காட்டியதை மட்டும் வைத்து தண்டனை கொடுத்துவிட முடியாது. கோர்ட்டில் சாட்சி நேரில் அடையாளம் காட்டுவதுதான் முக்கிய சாட்சியம்.

2. கைது செய்யும்போது என்ன செய்ய வேண்டும்?
• காரணத்தைச் சொல்ல வேண்டும் (பிரிவு 47).
• உறவினருக்கோ, நண்பருக்கோ உடனே தகவல் தர வேண்டும் (பிரிவு 48).
• கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் இருக்க வேண்டும். கைது குறிப்பு எழுதி, குடும்பத்தினர் அல்லது அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவர் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும் (பிரிவு 36).
• பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் (பிரிவு 58). இது அரசியலமைப்பின் 22-வது பிரிவு தரும் உரிமையும்கூட.

3. ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டால் முடிந்ததா?
இல்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக கோர்ட்டில் நிரூபிக்க முடியாது (பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 23). ஆனால் அவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

4. விசாரணையின்போது வக்கீல் வரலாமா?
கைதானவர் விசாரணையின் இடையே தனக்குப் பிடித்த வக்கீலைச் சந்திக்கலாம். விசாரணை முழுக்க வக்கீல் கூடவே இருக்க முடியாது (பிரிவு 38). வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

5. தடயம் யார் எடுப்பது?
ஜனகராஜ் மாதிரி கையில் கிடைத்ததைத் தூக்கிப் பார்க்கும் வேலை ஆகாது. 7 ஆண்டோ, அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது புதிய சட்டம் (பிரிவு 176). இது அமலுக்கு வரும் தேதியை மாநில அரசு 5 ஆண்டுகளுக்குள் அறிவிக்க வேண்டும்.

6. "இது எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பினால்?
பிடி ஆணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். உத்திரமேரூர்க்காரர் ஒருவர் செங்கல்பட்டில் பர்ஸைப் பறிகொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்துவிட்டாலும், உத்திரமேரூர் ஸ்டேஷனிலேயே புகார் தரலாம். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்துப்பூர்வமாக அனுப்பலாம், அதன் பிறகும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம் (பிரிவு 173). ஆன்லைனில் புகார் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய் கையெழுத்துப் போட வேண்டும்.

7. ஸ்டேஷனுக்குள் நடப்பதற்கு சாட்சி?
நாடு முழுக்க எல்லா காவல் நிலையங்களிலும் சி.சி.டி.வி. வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. லாக்கப், வராண்டா, நுழைவாயில் எல்லாம் அதில் அடக்கம்.

காமெடி போலீஸைக் கேவலப்படுத்துகிறதா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். 'அபூர்வ சகோதரர்கள்' படமே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. படம் தொடங்குவது உயிரைக் கொடுத்த நேர்மையான போலீஸ் சேதுபதியில். சொதப்பும் இன்ஸ்பெக்டர் வருவது அதற்குப் பிறகு. ஒரே காக்கியில் இரண்டு பேரையும் காட்டிவிட்டார்கள். சிரிப்பு காக்கியைப் பார்த்து இல்லை, தன் மூளை மேல் சந்தேகமே வராத ஒரு மனுஷனைப் பார்த்து.

அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்பது உத்திரமேரூருக்குப் புதுசும் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ல் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் இந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. நிலம் உள்ளவர்களுக்கு மட்டுமான சபைதான் அது. ஆனாலும் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது, அவர் உறவினரும் நிற்கக் கூடாது என்று கல்லிலேயே எழுதி வைத்தார்கள்.

அடுத்த முறை டிவியில் ஜனகராஜ் தன் 'கண்டுபிடிப்பை' விளக்கும்போது தாராளமாகச் சிரிக்கலாம். ராஜா மாதிரி ஒருவர் நிஜத்தில் மாட்டிக்கொண்டால் நினைவில் வைக்க வேண்டியவை மூன்று: காரணம் கேளுங்கள், வீட்டுக்குத் தகவல் போனதா என்று பாருங்கள், 24 மணி நேரக் கணக்கை மறக்காதீர்கள்.