கொசுவைத் துரத்திய ஆறு மாதங்கள்

என் பாட்டியிடம் காய்ச்சலுக்கு இரண்டே பெயர்கள்தான் இருந்தன. குளிர் காய்ச்சல், சும்மா காய்ச்சல். குளிர் காய்ச்சல் என்றால் மலேரியா. பேராக்கின் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி ஓய்ந்தவர் அவர். "பேரு தெரியாத நோவுக்கு மருந்து கெடைக்காதுடா" என்பார். சரிதான் பாட்டி. ஆனால் நோய்க்குத் தப்பான பெயர் வைத்துவிட்டால் என்ன ஆகும்? அதற்குப் பதில், பாட்டியின் தோட்டத்திலிருந்து அதிக தூரமில்லாத ஈப்போவிலேயே இருக்கிறது.

1998 செப்டம்பர் கடைசியில், ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி. பிறகு மயக்கம், வலிப்பு, நினைவிழப்பு. மூளைக்காய்ச்சல் என்பது தெரிந்தது. சிலருடைய இரத்த மாதிரிகளில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் தடயமும் கிடைத்தது. நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது: ஜே.இ.

அது முட்டாள்தனமான முடிவு என்று சொல்லிவிட முடியாது. ஜே.இ. ஏற்கெனவே இந்த நாட்டில் உலவும் நோய். அதன் வைரஸ் பன்றியின் உடலில் பெருகும், கியூலெக்ஸ் கொசு வழியாக மனிதனுக்கு வரும். பன்றிப் பண்ணை இருக்கிறது, கொசு இருக்கிறது, மூளைக்காய்ச்சலும் இருக்கிறது. கணக்கு சரியாக வந்தது. புகை வண்டிகள் வந்து கொசு மருந்து அடித்தன. மனிதர்களுக்கும் பன்றிகளுக்கும் ஜே.இ. தடுப்பூசி போடப்பட்டது. ஆனாலும் சாவு நிற்கவில்லை.

யார் விழுகிறார்கள் என்று பார்த்தாலே கணக்கு இடித்தது. ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிக்கும் நோய். இங்கே விழுந்தவர்களோ வேலைக்குப் போகும் வயதில் இருந்த ஆண்கள். கொசு இனம் பார்த்தா கடிக்கும்? ஆனால் நோயாளிகள் பெரும்பாலும் சீனர்கள், அடுத்து இந்தியர்கள். பன்றியைத் தொடாத மலாய் முஸ்லிம்கள் அக்கம்பக்கத்தில் குடியிருந்தும் அநேகமாகத் தப்பியிருந்தார்கள். அதே கொசுதானே அவர்களையும் கடித்தது? பண்ணைக்காரர்கள் இன்னொன்றையும் கவனித்திருந்தார்கள்: பன்றிகளே இருமின. நாய் குரைப்பதுபோல, தூரத்துக்குக் கேட்கும் இருமல். இறந்த பன்றிகள் சொற்பம் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்றிக்கு இருமலாக இருந்தது மனிதனுக்குப் போனதும் மரணமானது.

பன்றிகளை லாரி ஏற்றித் தெற்கே விற்றார்கள், நோயும் கூடவே போனது. 1998 டிசம்பரில் சிரம்பான் அருகே சிகாமட், அதன் பிறகு நெகிரி செம்பிலானில் பண்ணைகள் நெருங்கிக் கிடந்த புக்கிட் பெலாண்டுக். தடுப்பூசி போடும்போது ஒரே ஊசியைப் பல பன்றிகளுக்குக் குத்தியதும் பரவலுக்கு உதவியிருக்கலாம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கருதினார்கள். தப்பான பெயர் மருந்தைத் தடுத்தது மட்டுமில்லை, நோய்க்கே வழிகாட்டியிருக்கக்கூடும்.

1999 மார்ச் தொடக்கத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியில் இருந்த சுவா காவ் பிங் என்ற மருத்துவர், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியின் முதுகுத்தண்டு நீரை ஆய்வக உயிரணுக்களில் சேர்த்துப் பார்த்தார். சில நாட்களில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பல கருக்கள் கொண்ட பெரிய உருண்டைகளாக மாறின. ஜே.இ. வைரஸ் செய்யும் வேலை இல்லை அது. மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் பறந்தார். அங்கே மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று. 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் நெருங்கிய சொந்தம்.

அந்த உயிரணு உருண்டைகளில் நடந்ததுதான் உடலுக்குள்ளும் நடக்கிறது. நம் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்பணுக்களிலும் எஃப்ரின் பி2 என்ற புரதம் இருக்கிறது. வைரஸ் அதைப் பிடித்து உள்ளே நுழைகிறது. தொற்றிய அணு பக்கத்து அணுவோடு ஒட்டிக்கொள்கிறது. சிறு குழாய்களின் சுவர் புண்ணாகி, இரத்தம் உறைந்து அடைக்கிறது. மூளையில் ஆங்காங்கே சின்னச் சின்ன இடங்கள் இரத்தமில்லாமல் செத்துப்போகின்றன. மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்தது. 105 பேர் இறந்தார்கள். மலேசியப் பன்றிகளை அறுத்த சிங்கப்பூர்த் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றியது, ஒருவர் இறந்தார்.

சரியான பெயர் கிடைத்ததும் சண்டையே மாறியது. இராணுவம் இறங்கியது. சுமார் 11 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. ஒரு தலைமுறையின் உழைப்பு குழிகளில் மூடப்பட்டது. மே மாதத்துக்குள் நோய் அடங்கியது. வைரஸுக்குப் பெயர் கொடுத்தது, முதலில் சாவு விழுந்த ஈப்போ அல்ல, மாதிரி வந்த சுங்கை நிப்பா.

ஆனால் ஏன் ஈப்போவில் தொடங்கியது? வைரஸின் சொந்த வீடு பழந்தின்னி வௌவால். அதற்கு நோயே வராது. தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலும், அவை கடித்துப் போட்ட ஒரு ஜம்புப் பழத்திலும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். நோய் தொடங்கியதாகக் கருதப்படும் ஈப்போப் பண்ணையில் 30,000க்கும் அதிகமான பன்றிகள் இருந்தன. கொட்டில்களுக்குப் பக்கத்திலேயே மாமரங்கள். வௌவால் கடித்த பழம் கீழே விழுந்தது, பன்றி தின்றது. பத்துப் பன்றி வளர்க்கும் வீடாக இருந்தால் வைரஸ் ஒரு சுற்றில் அடங்கியிருக்கும். இவ்வளவு பெரிய பண்ணையில் குட்டிகள் பிறந்துகொண்டே இருந்ததால் அதற்குப் புது உடல்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன.

தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இந்தக் கதை புதிதல்ல. 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடித்து, காட்டை வெட்டி மலேரியாவை அடக்கினார். நிழலில் முட்டையிடும் கொசு அங்கே ஒழிந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ காட்டை வெட்ட வெட்ட மலேரியா கூடியது. அங்கே இருந்தது வேறு அனாஃபிலஸ். வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் அது முட்டையிடும். ரப்பருக்காகக் காட்டைத் திறந்தபோது அதற்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்தோம். இரண்டும் வேறு கொசு என்று புரிந்த பிறகே மலைத் தோட்டத்துக்கு வேறு வழி கண்டார்கள். அதுவரை லயங்களில் குளிர் காய்ச்சலோடு நடுங்கியவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். அன்று ரப்பர், இன்று மாமரமும் பன்றியும். நிலத்தை மாற்றுகிறவர் ஒருவர், நோயில் படுக்கிறவர் இன்னொருவர்.

2011இல் வந்த கன்டேஜியன் படத்தின் கற்பனை வைரஸுக்கு நிப்பாதான் முன்மாதிரி. வௌவாலிலிருந்து பன்றிக்கு, பன்றியிலிருந்து மனிதனுக்கு என்ற அதன் கடைசிக் காட்சி ஈப்போவின் கதை. 2018இல் கோழிக்கோட்டில் நிப்பா வந்தபோது, நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி இறந்தார். மனிதர்களுக்கான நிப்பா தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

தப்பிப் பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்தும் மூளைக்காய்ச்சல் திரும்பி வந்தது. உடம்புக்குள் எங்கேயோ ஒளிந்திருந்த வைரஸ் மறுபடி எழுந்தது. நாம்தான் சீக்கிரம் மறந்துவிடுகிறோம். அந்த ஆறு மாதமும் நுண்ணோக்கிக்கு முன்பே ஒரு சாட்சி இருந்தது: நோயாளிப் படுக்கையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது. பாட்டியின் வாக்கியத்தில் நான் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்வேன். பெயர் வைப்பதற்கு முன்னால், விழுந்தவன் என்ன வேலை செய்தான் என்று கேளுங்கள்.