கிளாஸ்கோவுக்கு வந்த வாக்காளர் அட்டை

2024 ஜூன் மாதம் பெரியம்மா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். ஒரு வெள்ளை அட்டை. அதில் அவள் பெயர், கதவு இலக்கம், தெரு, எங்கே போய் வாக்களிக்க வேண்டும் என்ற விபரம். கீழே ஒரு வரி: "டேய், எனக்கு இங்க ஓட்டு இருக்குடா!"

அக்கா படிக்கப் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யாரோ ஏமாத்துறாங்க, பேங்க் நம்பர் கேட்டா குடுத்துடாத என்று பதில் போட்டேன். பிறகு தேடிப் பார்த்தால் விஷயம் உண்மைதான். பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் பிரித்தானியாவில் சட்டப்படி வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். ஜூலை 4ஆம் திகதி அக்கா தன் இலங்கைப் பாஸ்போட்டைக் காட்டி ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். செப்டம்பர் 21 இங்கே ஜனாதிபதித் தேர்தல். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்தே வாக்களிக்க இலங்கையில் வழி கிடையாது. ஆக, லிந்துலையில் பிறந்த பிள்ளைக்குப் பிரித்தானியப் பிரதமரைத் தீர்மானிப்பதில் பங்கு உண்டு, சொந்த நாட்டு ஜனாதிபதியைத் தீர்மானிப்பதில் இல்லை.

அவள் இருப்பது கிளாஸ்கோவில். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட மாட்டார்கள். அக்கரபத்தனையிலும் ஒரு கிளாஸ்கோ தோட்டம் இருக்கிறது. அக்காவுக்கு விசா கிடைத்தபோது பக்கத்து லயத்துத் தாத்தா, "கிளாஸ்கோவுக்குப் போக எதுக்கும்மா விசா, பஸ்ஸுல ஏறுனா போதுமே" என்றார். தலவாக்கலையில் ஹோலிரூட் தோட்டம் உண்டு. ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் இருக்கும் இடத்தின் பெயரும் ஹோலிரூட்தான். பாமஸ்டன் என்று நாம் சொல்லும் தோட்டத்தின் பெயரில் ஒரு பழைய பிரித்தானியப் பிரதமர் இருக்கிறார். டிலிகுல்ட்ரி ஒரு ஸ்கொட்லாந்துச் சிற்றூர். வந்த தொரைமார் ஊர் ஞாபகத்துக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெயர்களைச் சரியாக உச்சரிக்க நமக்கு வரவில்லை, நமக்கு அது தேவையும் படவில்லை.

அதனாலோ என்னவோ எனக்கு அந்த ஊர் அரசியலைப் பார்க்கிற பழக்கம் உண்டு. நாடகம் மாதிரி இருக்கும். 2022 ஜூலை 7 அங்கே பொரிஸ் ஜோன்சன் பதவி விலகுவதாக அறிவித்தார். இரண்டே நாளில் இங்கே சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போய் நீச்சல் குளத்தில் குளித்தது. அவருக்குப் பிறகு வந்த லிஸ் ட்ரஸ் 45ஆவது நாளில் ராஜினாமாவை அறிவித்தார். ஒரு பத்திரிகை அவருக்குப் போட்டியாக ஒரு லெட்டூஸ் கீரையை வைத்துக் கமராவில் காட்டிக்கொண்டே இருந்தது, கீரைதான் வென்றது.

ஒக்டோபர் 25 ரிஷி சுனக் பிரதமரானார். டிசம்பரில் அயர்லாந்தில் லியோ வரத்கர் மறுபடி பிரதமரானார், அவருடைய அப்பா மும்பைக்காரர். இந்தியச் சேனல்கள் எல்லாம் "இந்திய வம்சாவளி, இந்திய வம்சாவளி" என்று துள்ளின. எங்கள் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா சொன்னது: "நமக்குந்தான் பொறப்புச் சான்றிதழ்ல இந்தியத் தமிழர்னு போட்டுருக்கு. அதை வச்சு என்னத்தக் கண்டோம்?"

எனக்குப் பிடித்த காட்சி இன்னொன்று. வாக்களிக்கப் போட்டோ உள்ள அடையாள அட்டை கட்டாயம் என்று 2022இல் சட்டம் கொண்டுவந்தது ஜோன்சனின் அரசாங்கம். முதியவர்களின் பஸ் பாஸ் செல்லும், மாணவர் அட்டை செல்லாது. 2024 மே மாதம் ஓர் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கப் போன ஜோன்சனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அடையாள அட்டையை மறந்துவிட்டாராம். பிறகு எடுத்துவந்து போட்டார்.

இதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு கொஞ்சம் அதிகம்தான். ஏனென்றால் 'பேப்பர் எங்கே' என்ற கேள்வி எங்கள் குடும்பத்தில் 40 வருஷத்துக்கு மேல் ஓடியது.

1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர்கள் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. எங்கள் பூட்டன் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டாராம். தோட்டத்து வாக்கு வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் போனது. டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கத்துக்கு அது உறுத்தியது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது: அப்பா இலங்கையில் பிறந்தார் என்று காட்டு, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு. லயத்தில் யார் அதையெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள்? 1949இல் இன்னொரு சட்டம், பிரஜை இல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றது. 1952 தேர்தலில் ஏழு பேரின் இடத்தில் ஒருவர்கூட இல்லை. மறுபடி ஒருவர், சௌமியமூர்த்தி தொண்டமான், தேர்தலில் வென்று உள்ளே போக 1977 ஆனது.

அதே 1949இல் லண்டனில் என்ன நடந்தது தெரியுமா? ஏப்ரல் 18ஆம் திகதி அயர்லாந்து குடியரசாகிப் பொதுநலவாயத்தை விட்டே வெளியேறியது. மன்னரும் வேண்டாம், உங்கள் சங்கமும் வேண்டாம் என்று போனவர்கள். பிரித்தானியா ஜூன் மாதம் ஒரு சட்டம் போட்டு, அயர்லாந்து இனி நம் ஆட்சிப்பரப்பில் இல்லை, ஆனாலும் அது அந்நிய நாடு அல்ல என்றது. பிரித்தானியாவில் கூலி வேலை செய்த ஐரிஷ்காரர்களின் வாக்கு அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது. 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில் 20 வருஷம் அங்கே வரி கட்டிய பிரெஞ்சுக்காரருக்கு ஓட்டு இல்லை, டப்ளினிலிருந்து போன மாதம் வந்தவருக்கு இருந்தது. கொழும்பிலிருந்து வந்த மாணவருக்கும் இருந்தது. லொஜிக் பார்க்காதீர்கள், வரலாறு அப்படித்தான் துண்டு துண்டாக வேலை செய்யும். ஆனால் 1949இல் ஓர் அரசு நினைத்திருந்தால் வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்பதற்கு அதே வருஷத்து ஆதாரம் இது.

நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 1952இல் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கோடகன் பிள்ளை என்பவரின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது பற்றிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் போடக்கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. சோல்பரியே ஒரு பிரித்தானியப் பிரபு, எழுதிக் கொடுத்தவர்களின் ஊரிலேயே கேட்போம் என்று போனார்கள். 1953இல் பதில் வந்தது: யார் தன் குடிமக்கள் என்று முடிவு செய்வது ஒரு நாட்டு நாடாளுமன்றத்தின் இயல்பான உரிமை, சட்டம் செல்லும். சட்டத்தில் தமிழர் என்றோ தோட்டம் என்றோ ஒரு சொல் இல்லையே! ரொம்ப சுத்தமான ஆங்கிலம்.

அவர்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே இப்படித்தான் இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வட அயர்லாந்தில் 1960களின் கடைசி வரை உள்ளூராட்சித் தேர்தலில் வாக்கு வீட்டு வரி கட்டுபவருக்கும் அவர் துணைக்கும்தான். ஒரு வீட்டில் அப்பா அம்மாவோடு கல்யாணம் முடித்த பிள்ளைகள் நெருக்கியடித்து இருந்தால், பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. வாடகைக்குள் வாடகை இருப்பவருக்கும் இல்லை. கம்பெனி வைத்திருப்பவருக்கு மேலதிக வாக்குகள். அதனால் கத்தோலிக்கருக்கு வீடு கொடுக்கவே சபைகள் யோசித்தன, ஏனென்றால் ஒரு வீடு கொடுத்தால் இரண்டு ஓட்டு. 1968 ஜூனில் கலிடன் என்ற கிராமத்தில் குடும்பங்கள் வரிசையில் காத்திருக்க, கல்யாணமாகாத 19 வயதுப் புரட்டஸ்தாந்துப் பெண்ணுக்கு ஒரு வீடு போனது. ஒஸ்டின் கரி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார். ஒக்டோபர் 5 டெரி நகர ஊர்வலத்தில் பொலிஸ் அடித்த அடியை டிவி கமரா பிடித்தது. ஆளுக்கொரு வாக்கு என்பதுதான் அவர்களின் கோஷம். அடுத்த வருஷம் அந்த முறையை மாற்ற வேண்டி வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு டெரி தெரியவில்லை, லயம்தான் தெரிந்தது. கல்யாணமான மூத்த பிள்ளைக்கும் அதே காம்பரா, நடுவில் ஒரு சீலை. கிராமச் சபைகளிலிருந்து தோட்டத் தொழிலாளரை 1930களிலேயே விலக்கி வைத்தார்கள். 1987இல் பிரதேச சபைகள் வந்தன. தோட்டத்து ஆட்கள் அதற்கு வாக்களிக்கலாம், ஆனால் தோட்டத்துக்குள் ரோடு போட சபைக்கு அதிகாரம் இல்லை, அது கம்பெனி நிலம். 2018இல்தான் திருத்தினார்கள். வீடு யாருடையது என்பதை வைத்து ஆளைக் கணக்கெடுக்கிற புத்தி இரண்டு மலைநாட்டிலும் ஒன்றுதான். அயர்லாந்துக்காரர்களையும் ரொம்பப் புகழ வேண்டாம்: அங்கே பிறந்தாலே குடியுரிமை என்றிருந்ததை 2004இல் வாக்கெடுப்பு வைத்து அவர்களே நிறுத்தினார்கள். அதற்கு ஆதரவு 79 வீதம்.

எங்கள் அம்மாயிக்குப் பேப்பர் கிடைத்தது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில். முதல் ஓட்டுப் போட்டது 1994இல், 58 வயதில். அந்தப் பத்திரம் இன்னும் தகரப்பெட்டியில் இருக்கிறது, யாரையும் தொட விட மாட்டார். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு எங்கள் அட்டைகள் வழக்கம்போலத் தோட்டத்து ஆபிசுக்கு மொத்தமாக வந்தன. கட்டுக்குள் தேடி எடுத்து வந்தேன்.

அன்று ராத்திரி அக்காவின் அந்தப் பழைய போட்டோவையும் அம்மாயிக்குக் காட்டினேன். பேத்தி வெள்ளைக்காரன் ஊரில் ஓட்டுப் போட்ட கதையைச் சொன்னேன். அதில் அவருக்குப் பெரிய சுவாரசியம் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டத்தில் பிடித்து அட்டையின் மேல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னடா நம்பரு?"

"அக்கா வீட்டு நம்பர், அம்மாயி. தபால்காரன் நேரா அந்தக் கதவுக்கே கொண்டுவந்து போடுவான்."

"ஆபிசுக்குப் போவ வேணாமா?"