சீனத்துப் பீங்கானில் ஐரோப்பியத் தூரிகை



ஒரு பழைய பீங்கான் தட்டு எந்த நாட்டுக்குச் சொந்தம்? திருப்பிப் பார்த்துவிட்டு, "சீனா" என்று சொல்லிவிடலாம் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால், 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்ற பல பீங்கான்களுக்கு அந்த ஒரு சொல் போதாது. அவை சீனாவில் வனையப்பட்டு, ஐரோப்பாவில் வண்ணம் தீட்டப்பட்டவை.

இந்த வரலாறு நமது கடலையும் தொட்டுச் செல்கிறது. 1603ஆம் ஆண்டு பிப்ரவரியில், மக்காவிலிருந்து மலாக்கா நோக்கி வந்த 'சாந்தா கத்தரினா' என்ற போர்த்துகீசியக் கப்பலை, டச்சுத் தளபதி ஹீம்ஸ்கர்க் ஜோகூரின் துணையோடு சிங்கப்பூரின் கிழக்குக் கரை அருகே கைப்பற்றினார். அதிலிருந்த பட்டும் பீங்கானும் 1604இல் ஆம்ஸ்டர்டாமில் விற்கப்பட்டன. டச்சு மக்களிடையே பீங்கான் மோகம் வளர அந்த விற்பனை பெரிதும் உதவியது.

பிறகு இறக்குமதி பெருகியது. 1752இல் ரியாவ் தீவுகளுக்கு அருகே மூழ்கி, 1985இல் கண்டுபிடிக்கப்பட்ட 'கெல்டர்மால்சன்' என்ற ஒரே கப்பலில் 150,000க்கும் மேற்பட்ட பீங்கான்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நீல வெள்ளைப் பாத்திரங்கள்.

ஆனால், 1700ஆம் ஆண்டு வாக்கிலேயே ஐரோப்பியரின் விருப்பம் மாறத் தொடங்கிவிட்டது. சிவப்பும் பொன்னும் மின்னும் ஜப்பானியப் பீங்கானைச் செல்வர்கள் நாடினர். அதன் விலையோ அதிகம். சீனாவில் சொல்லிச் செய்யலாம் என்றால், கப்பல் போய்த் திரும்ப நெடுங்காலம் ஆகும். ஜெர்மனியின் மெய்சன் நகரில் 1710இல் பீங்கான் ஆலை தொடங்கியபோதிலும், அதுவும் எளியவருக்கு எட்டாத பொருளாகவே இருந்தது.

எனவே டச்சு ஓவியர்கள் ஒரு வழி கண்டனர். வெள்ளையாகவோ, குறைந்த வேலைப்பாட்டுடனோ வந்த சீனப் பீங்கானை வாங்கி, தாங்களே எனாமல் வண்ணம் தீட்டினர். ஜிங்டெசென் சூளையில் சுமார் 1300 பாகை செல்சியசில் வெந்த பாத்திரம், சிறு சூளையில் சுமார் 800 பாகையில் மீண்டும் சுடப்பட்டது. கண்ணாடிப் பூச்சின் மேல் வண்ணம் ஒட்டிக்கொள்ள அந்த வெப்பம் போதும். இவ்வகைக்கு 'ஆம்ஸ்டர்டாம் பொன்ட்' என்று பெயர். 'பொன்ட்' என்றால் பலநிறம் என்று பொருள். பொஹிமியா பகுதியில் இக்னாஸ் பிரைஸ்லர் கறுப்பு வண்ணத்தில் நுண்ணிய சித்திரங்கள் வரைந்தார். லண்டனில் ஜேம்ஸ் ஜைல்ஸ் இதே தொழிலைச் செய்தார்.

எல்லாரும் அழகாகச் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. வெற்றிடத்தில் வரைந்தவர்களும் உண்டு. சீன ஓவியன் தீட்டி முடித்த நீலக் காட்சியின் மீதே சிவப்பும் பச்சையும் அப்பியவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையை ஆங்கிலேயர் 'கிளாபர்ட்' என்று இகழ்ந்தனர். சேகரிப்பாளர்கள் பலர் அதைக் கெடுக்கப்பட்ட பொருளாகவே ஒதுக்கினர்.

அடையாளம் காண்பது எப்படி? நீலம் பூச்சுக்கு அடியில் இருக்கும். எனாமல் மேலே நிற்கும். ஆனால், சீனர்களும் எனாமல் தீட்டியதால் தடவிப் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது. மேல் வண்ணம் கீழுள்ள கோட்டை மதிக்கிறதா, மீறுகிறதா என்று பார்க்க வேண்டும். நீலக் கிளையை மறைத்துக்கொண்டு சிவப்பு மலர் பூத்திருந்தால், இரண்டாவது கை ஒன்று பட்டிருக்கிறது என்று ஐயுறலாம்.

இன்று அருங்காட்சியகங்கள் இவற்றைத் தனிப் பிரிவாகவே மதிக்கின்றன. அது நியாயமே. "சீனப் பீங்கான்" என்று மட்டும் எழுதினால் ஐரோப்பிய ஓவியனின் உழைப்பு மறைந்துபோகும். "ஐரோப்பியக் கலை" என்று மட்டும் எழுதினால், களிமண்ணைப் பிசைந்து வனைந்த ஜிங்டெசென் தொழிலாளி மறைந்துபோவான். இருவரில் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வாழ்ந்த ஊர்களின் பெயர்களையாவது சேர்த்தே எழுதுவோம்.