302: ஒரு குறியீட்டின் பொருள் மாறிய வரலாறு

வலைப்பக்கங்களைக் கேட்டுப் பெறும் நெறிமுறையான எச்.டி.டி.பி.யின், 1991இல் பயன்பாட்டில் இருந்த 0.9 பதிப்பில், பதிலின் தன்மையைச் சொல்லும் நிலைக்குறியீடு என்ற ஒன்றே கிடையாது. கேட்ட பக்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சர்வர் ஒரு எச்.டி.எம்.எல். பக்கத்தையே அனுப்பும். அது பதிலா, பிழைச்செய்தியா என்பதை மனிதர்தான் படித்து அறிய வேண்டும், நிரலால் இயலாது.

இக்குறையைத் தீர்த்த மூன்றிலக்க எண்கள் வலைக்கு முந்தையவை. கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. நெறிமுறையின் பதில் எண்களை ஜான் போஸ்டல் 1974 ஜூனில், இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களுள் 640ஆம் எண்ணுடையதன் வழியே திருத்தியமைத்தார். 1982இல் மின்னஞ்சலுக்கான எஸ்.எம்.டி.பி.யும் அதே வழியில் சென்றது. செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1992இல் எழுதிய எச்.டி.டி.பி. வரைவிலும் இத்தகைய எண்களைக் காண்கிறோம். 2 என்று தொடங்கினால் வெற்றி, 3 என்றால் வேறிடம் நாட வேண்டும், 4 என்றால் கேட்டவர் பக்கம் பிழை, 5 என்றால் சர்வரின் பக்கம் பிழை.

இவற்றுள் என் கவனத்தை ஈர்ப்பது 302. அந்த வரைவில் 301 நிரந்தர இடமாற்றத்தையும், 302 பின்னர் மாறக்கூடிய இடமாற்றத்தையும் குறித்தன. வேறுபாடு தெளிவானதே. சிக்கல் வந்தது படிவங்களால். படிவத்தை நிரப்பி அனுப்பும்போது பிரவுசர் போஸ்ட் முறையில் தரவை அனுப்புகிறது. பதிலாக 302 வந்தால், புதிய முகவரிக்கும் அதே தரவை போஸ்டாகவே அனுப்ப வேண்டும் என்பது விதி. பிரவுசர்களோ அதை கெட் ஆக மாற்றி, புதிய பக்கத்தை வெறுமனே கேட்டு வாங்கின.

1996 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 1945, சில பிரவுசர்கள் தவறாக இப்படிச் செய்வதாகக் குறிப்பிடுகிறது. 1999 ஜூனில் ஆர்.எஃப்.சி. 2616 வந்தபோது ‘சில’ என்ற சொல் ‘பெரும்பாலானவை’ ஆகிவிட்டது. மூன்றே ஆண்டுகளில் விதிவிலக்கு வழக்கமாகிவிட்டதற்கு இந்த ஒரு சொல்லே சான்று.

இதைப் பிரவுசர்களின் அலட்சியம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆர்டர் கொடுத்து முடித்தவருக்கு ரசீதுப் பக்கத்தைக் காட்டத்தான் தளங்கள் விரும்பின. அது கெட் வழி வந்தால், அவர் பக்கத்தைப் புதுப்பித்தாலும் அதே ஆர்டர் இரண்டாம் முறை பதிவாகாது. இந்தத் தேவைக்கு உரிய குறியீடாக 1997இன் ஆர்.எஃப்.சி. 2068, 303ஐ வரையறுத்தது. முறை மாறாமல் தற்காலிகமாக வேறிடம் அனுப்ப 2616இல் 307 பிறந்தது. பழைய 302ஐ மட்டும் யாராலும் மீட்க முடியவில்லை. 2014 ஜூனில் ஆர்.எஃப்.சி. 7231, வரலாற்றுக் காரணங்களால் என்று சொல்லி, போஸ்டை கெட் ஆக மாற்ற 301, 302 இரண்டிலும் அனுமதி அளித்தது.

அப்போதும் ஓரிடம் காலியாக இருந்தது. நிரந்தர இடமாற்றம், ஆனால் முறை மாறக் கூடாது என்றால் என்ன செய்வது? அதற்கான 308, அதே மாதம் சோதனை நிலையில் அறிமுகமாகி, 2015 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 7538 வழியே தரநிலைப் பாதைக்கு வந்தது. ஆனால் தெரியாத 3-வரிசை எண் எதையும் 300 என்றே கொள்ள வேண்டும் என்பது பொது விதி. எனவே 308 அறியாத பழைய பிரவுசர் தானாக இடம்பெயராது. அத்தகைய பிரவுசர்களுக்காக அந்த ஆவணம் ஒரு மாற்றுவழியையும் காட்டுகிறது: குறியீட்டோடு ஒரு எச்.டி.எம்.எல். பக்கத்தையும் அனுப்பி, புதிய முகவரியை அதற்குள்ளேயே எழுதி வைக்கலாம்.