வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரம் நமக்கு எப்படித் தெரிகிறது? கோர்ட்டுக்குப் போன தன்னார்வ அமைப்புகளின் கதை

தேர்தல் வந்தாலே 'இந்த வேட்பாளருக்கு இத்தனை கோடி சொத்து, இத்தனை வழக்கு' என்று செய்திகள் வரிசைகட்டும். இதையெல்லாம் கட்சிகள் தானாக முன்வந்து சொல்லவில்லை. தன்னார்வ அமைப்புகள் கோர்ட் படியேறி வாங்கித் தந்தவை இவை.

தொடங்கியது யார்?

அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் 1999-ல் தொடங்கிய அமைப்பு ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம். சுருக்கமாக ஏடிஆர். குற்ற வழக்கு, சொத்து, கல்வித்தகுதி விவரங்களை வேட்பாளர்கள் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டது. சாதகமான தீர்ப்பு வந்ததும் மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2002 மே 2-ல் உச்ச நீதிமன்றமும் வாக்காளர் பக்கமே நின்றது. வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்வது கருத்துரிமையில் அடங்கும் என்றது.

கட்சிகள் என்ன செய்தன?

எதற்கெடுத்தாலும் முட்டிக்கொள்ளும் கட்சிகள் இதில் மட்டும் கைகோத்தன! அனைத்துக்கட்சிக் கூட்டத்தில் எதிர்ப்பு. அப்புறம் ஒரு சட்டத்திருத்தம். சட்டத்தில் இருப்பதற்கு மேல், கோர்ட்டே சொன்னாலும், வேட்பாளர் எதையும் வெளியிடத் தேவையில்லை என்றது அதன் 33பி பிரிவு. பியூசிஎல், லோக் சத்தா, ஏடிஆர் மறுபடியும் வழக்குத் தொடுக்க, 2003 மார்ச் 13-ல் அந்தப் பிரிவு ரத்தானது. இன்று வேட்புமனுவோடு தரப்படும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் இப்படி வந்ததுதான்.

அதோடு முடிந்ததா?

இல்லை. சிலர் பத்திரத்தில் கட்டங்களைக் காலியாக விட்டுத் தப்பித்தார்கள். ரிசர்ஜன்ஸ் இந்தியா என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில், 2013-ல் அதற்கும் முட்டுக்கட்டை விழுந்தது. நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் தேர்தல் அதிகாரி மனுவை நிராகரிக்கலாம்.

'யாரும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்காத அமைப்புகள் சட்டம் இயற்றுவதில் தலையிடலாமா?' என்ற விமர்சனமும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வழக்குகளில் அவை கேட்டது தகவல் மட்டுமே.

நீங்கள் எங்கே பார்க்கலாம்?

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எல்லாப் பத்திரங்களும் இருக்கின்றன. ஏடிஆரின் 'மைநேதா' தளத்தில் அவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். வேட்பாளர் சொன்னது உண்மையா என்பதை அதிகாரி சரிபார்ப்பதில்லை என்பதுதான் பெரிய ஓட்டை. பொய்த்தகவலுக்கு 6 மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அதற்கு யாராவது புகார் கொடுத்து, வழக்கு நடத்தியாக வேண்டும்.