மாளிகைமேட்டைத் தோண்டினார்கள், சேரியை?

சந்தவாசலில் பேருந்தை விட்டு இறங்கினால், ஜவ்வாது மலை அடிவாரத்தில் சில கிலோமீட்டரில் படவேடு. 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகர். 1992-93இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழாய்வும் செய்தது. அரசர்களையும் கோயில்களையும் பற்றி யாரும் சொல்வார்கள். மாணவர்களோடு போன எங்களுக்கு இருந்த கேள்வி வேறு: இவ்வளவு பெரிய ஊருக்குச் சட்டி பானை செய்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்?

பானை ஓடு கிடைத்தாலே அங்கே பானை செய்தார்கள் என்று ஆகிவிடாது, வண்டியில் வந்திருக்கலாம். உற்பத்திக்குச் சாட்சி வேறு. சூளையின் வெந்த மண்சுவர், சாம்பல் அடுக்கு, தீ மிஞ்சிக் கோணிப்போன சட்டிகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட சட்டிகள். விற்க முடியாத அந்தக் கழிவை யாரும் தூரம் தூக்கிப் போகமாட்டார்கள். அது குவிந்து கிடந்தால் சூளையும் பக்கத்தில்தான். புகைக்கு அஞ்சியும், ஏரி மண்ணும் விறகும் வேண்டியும், சூளை பெரும்பாலும் ஊர் விளிம்பில் இருக்கும்.

தோண்டுவது எங்கே? கங்கைகொண்ட சோழபுரத்தில் 1980களில் குழி போட்ட இடத்தின் பெயரே மாளிகைமேடு. கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. பீங்கானைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அத்தனை ஓட்டையும் சுட்ட கைகளைப் பற்றி?

அரசுக்கு அவர்களைத் தெரியும். பல்லவர் காலச் செப்பேடுகளில் குயவர் மீதான வரிக்குக் ‘குசக்காணம்’ என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் விட்ட ஊர்களின் கல்வெட்டில், வரியில் கழித்த நிலங்களாக ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியாக வருகின்றன. ‘தீண்டாச்சேரி’யும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அளந்து எழுதிய எல்லை.

“குயவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள். நமக்கு இதில் என்ன?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. பானை செய்தவர் வேறு, அது உடைந்தபின் அதில் உண்ண விதிக்கப்பட்டவர் வேறு. மனுநூல் சண்டாளருக்குச் சொல்வது உடைந்த பாத்திரமும் ஊருக்கு வெளியே குடியிருப்பும். பேஷ்வா ஆட்சியில் புனேயில் தீண்டப்படாதோர் எச்சில் துப்பக் கழுத்தில் மண்கலயம் கட்டி நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் எழுதினார். ஆனால் சூளையும் சேரியும் ஒதுங்கியது ஊரின் விளிம்பில்தான். நம் முன்னோர் எதில் சமைத்தார்கள், எதில் தண்ணீர் வைத்தார்கள் என்பதற்குக் கல்வெட்டு பதில் சொல்லாது. சேரி மண்தான் சொல்லும். அந்த மண்ணைத்தான் இன்று செங்கல் சூளைக்கும் வீட்டுமனைக்கும் அள்ளுகிறார்கள்.

உழுத நிலத்தில் கோணிய, ஒட்டிய ஓடுகள் குவிந்திருப்பதைக் கண்டால் எடுத்து வராதீர்கள். கிடந்தபடியே படம் எடுங்கள், சர்வே எண்ணைக் குறியுங்கள், தொல்லியல் துறைக்கு மனு கொடுங்கள். மனுவில் இடத்தின் பெயரைச் சேரியின் பெயராகவே எழுதுங்கள்.